வாசகர் கேள்வி – பதில்: ஊர் யாரை ஆண் என்று ஒப்புகிறது?

ஆண்மை பற்றிய சமூகவியல் ஆய்வுகளைக் குறித்துச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்குப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொல்லங்கோடு பக்கமிருந்தும் மூணாறு, களியக்காவிளை முதலிய ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, கல்லூரி மாணவர்: அம்மா, பெண்ணியம் ஒரு பாடமாக இருப்பது புரிகிறது. ஆண்மையைப் படிப்பது என்றால் எதைப் படிப்பது? ஆண்களைக் குறை சொல்வதற்காக ஒரு பாடமா?

ஆண்களைக் குறை சொல்ல ஒரு பாடம் வேண்டியதில்லை, தம்பி. அதற்கு வீட்டுத் திண்ணையே போதும். மீசை முளைப்பதற்கும் ‘ஆம்பளை’ என்று ஊரில் பேர் எடுப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒவ்வொரு சமூகமும் எதைக் கொண்டு நிரப்புகிறது, அதை அளந்து சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, அந்த அளவில் தேறாதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பவையே இந்தப் படிப்பின் பொருள். 1935இல் மார்கரெட் மீட் என்ற மானிடவியலாளர் நியூகினியின் மூன்று சமூகங்களை ஒப்பிட்டு, ஆணுக்கு இயல்பென்று கருதப்படும் குணங்கள் இடத்துக்கு இடம் மாறுவதாக எழுதினார். அவருடைய முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாக மறுத்ததுண்டு. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.

இன்றைய வடிவில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்கள் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர்கள். கேரிகன், கான்னல், லீ ஆகிய மூவர் 1985இல் எழுதிய கட்டுரையும், 1995இல் ரேவின் கான்னல் எழுதிய நூலும் அதற்கு முதன்மையானவை. முசோலினியின் சிறையில் இருந்தபோது இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி எழுதிய குறிப்புகளிலிருந்து மேலாதிக்கம் என்ற கருத்தை எடுத்து, தடியைத் தூக்காமலேயே, அடங்கியிருப்பவர்களின் ஒப்புதலோடு ஓர் ஆதிக்கம் எப்படி நிற்க முடியும் என்பதை ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு இவர்கள் பொருத்திப் பார்த்தார்கள். எந்தச் சமூகத்திலும் ஒரு வகை ஆண்மை உச்சியில் வைக்கப்படுகிறது. பெரும்பாலான ஆண்கள் அந்த உச்சியை எட்டுவதே இல்லை. எட்டாதவர்களும் அதை ஒப்புக்கொண்டு, பெண்களைவிடத் தாம் ஒரு படி மேல் என்பதால் கிடைக்கும் ஆதாயத்தில் தங்கள் பங்கைப் பெற்றுக்கொள்கிறார்கள் என்பது கான்னலின் வாதம்.

நம் சித்தூர்ப் பகுதியையே பாருங்கள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் இங்குள்ள தென்னந்தோப்புகளிலிருந்துதான் போகிறது. நாள்தோறும் மரமேறிக் கள் இறக்குகிறவரின் உடல் வலிமையும் துணிவும் இவ்வட்டாரத்தில் வேறு எவருக்கும் இருக்க முடியாது. ஆனால் கோயில் உற்சவக் கமிட்டி கூடும்போது முதல் நாற்காலி அவருக்குப் போடப்படுகிறதா? நிலமும் சாதியும் கட்சிச் செல்வாக்கும் உள்ள, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஒருவர்தான் அங்கே ‘பெரிய மனுஷன்’. ஆண்மைக்கு உடலே அடிப்படை என்று பேசுபவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. சாதி இதில் எப்படிப் புகுகிறது என்பதை அறிய, எஸ். ஆனந்தி, ஜெ. ஜெயரஞ்சன், ராஜன் கிருஷ்ணன் ஆகியோர் ஒரு தமிழகக் கிராமத்தை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை உதவும். தலித் இளைஞர்கள் பண்ணை வேலையை விட்டு வெளிவேலைக்குப் போனதும் நிலவுடைமைச் சாதி ஆண்களின் பிடி தளர்ந்து, இரு தரப்பு இளைஞர்களுக்கும் இடையே யார் ஆண் என்ற போட்டி மூண்டதையும், அந்தப் போட்டியின் சுமை கடைசியில் பெண்கள்மீது கூடுதல் கட்டுப்பாடாக வந்து விழுந்ததையும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கோவிந்தாபுரம், வாசகர்: ஆண்மையைப் பற்றி ஒரு பெண் பதில் எழுதுவது பொருத்தமா?

யார் எப்போது கோபப்படுவார், எதைச் சொன்னால் முகம் சுருங்கும், எவர் முன்னிலையில் குரல் உயரும் என்று வீட்டு ஆண்களை வாழ்நாள் முழுதும் கவனித்தாக வேண்டிய நிலையில் பெண்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கு அது மோசமான பயிற்சி ஆகாது.

களியக்காவிளை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் தாத்தா காலத்தில் தகப்பன் ஒரு சொல் சொன்னால் வீடே அடங்கும். ஆண் ஆணாக இருந்தான். பெண்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும், சட்டங்கள் எல்லாம் அவர்கள் பக்கம் சாய்ந்ததும் அந்த மதிப்பைக் குலைத்துவிட்டன என்பது என் கருத்து. மறுப்பீர்களா?

மறுப்பேன், ஐயா, அதற்கு உங்கள் ஊரின் வரலாற்றையே துணைக்கு அழைப்பேன். நீங்கள் இருக்கும் பகுதி 1956 நவம்பர் 1 வரை, முதலில் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. அங்கே நாயர்கள் உள்ளிட்ட பல சமூகங்களிலும், தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரில் பெரும்பகுதியினரிடையேயும் மருமக்கள்வழி நிலவியது. அந்த முறையில் வீட்டை ஆண்டவர் தகப்பன் இல்லை, காரணவர், அதாவது தாய்மாமன். சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போயிற்று. ஒரு மனிதர் தம் சகோதரி வீட்டில் அசைக்க முடியாத அதிகாரத்தோடு இருந்தார். தம் சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அவருடைய கை கட்டப்பட்டிருந்தது. நாயர் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீடுகளில், கணவர் இரவில் வந்து காலையில் போகும் விருந்தாளியாகவே இருந்த குடும்பங்கள் பல. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மனைவி கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள் என்றாலும், அவன் இறந்தபின் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ‘உகந்துடைமை’ என்ற பெயரில் ஒரு பங்கு கிடைத்ததே தவிர, சொத்தின் பெரும்பகுதி மருமக்களுக்குத்தான்.

ஆகவே உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில், உங்கள் ஊரின் பல வீடுகளில், தகப்பன் சொன்ன சொல்லுக்கு வீடு அடங்கியிருக்க வழியில்லை. அன்று ‘ஆண்பிள்ளை’ என்ற மதிப்பு, தான் பெற்ற பிள்ளைகளை ஆளாக்குவதில் இல்லாமல், குடும்பச் சொத்தைக் காப்பதிலும் சகோதரிகளையும் அவர்கள் மக்களையும் பராமரிப்பதிலும் இருந்தது.

இதை மாற்றியவர்கள் பெண்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலம் படித்து, அரசாங்க வேலையில் சேர்ந்து, மாதச் சம்பளம் என்ற தனிச் சொத்தை முதன்முதலாகக் கையில் பார்த்த இளைஞர்களே காரணவருக்கு எதிராகக் கிளம்பினார்கள். என் சம்பாத்தியம் ஏன் என் பிள்ளைக்குப் போகக்கூடாது என்பது அவர்களுடைய கேள்வி. மலபாரில் 1896இலேயே ஒரு திருமணச் சட்டம் வந்தது. ஆனால் அதன்படி பதிவு செய்துகொண்டவர்கள் மிகச் சிலர். திருவிதாங்கூரில் 1925இல் வந்த நாயர் சட்டமும், அடுத்த ஆண்டே வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1933இன் மருமக்கத்தாய (மருமக்கள்வழி) சட்டமும் பாகப்பிரிவினைக்கு வழி திறந்தன. கேரளச் சட்டமன்றம் 1975இல் இயற்றி, 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் மிச்சம் இருந்ததையும் முடித்துவைத்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழியை எள்ளி எழுதிய ‘மான்மியம்’ இந்தப் போராட்டத்தின் நடுவில் பிறந்ததுதான். அதில் குறை சொல்லி அழுபவள் ஒரு காரணவரின் மனைவி. ஆண்கள் தங்களுக்காகக் கேட்ட மாற்றத்தை ஒரு பெண்ணின் வாயால் சொல்ல வைத்தது கவிஞரின் சாமர்த்தியம் என்றே நான் வாசிக்கிறேன். அந்த மனைவியின் துயரம் பொய்யன்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மருமக்கள்வழியில் பெண்கள் ராணிகளாக வாழ்ந்தார்கள் என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. அதுவும் சரியில்லை. வம்சம் பெண் வழியாக ஓடியது. சாவிக்கொத்து மாமன் இடுப்பில் இருந்தது. ஆனால் பிறந்த வீட்டில் சாகும்வரை இருக்கும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. தறவாடு உடைந்தபோது அதுவும் போய், கணவனின் வருமானத்தை மட்டும் நம்பியவளாக அவள் ஆனாள். சீதனம் வழக்கத்தில் இல்லாத குடும்பங்களிலும் அது நுழைந்தது. அதே வேளையில், மனைவியையும் மக்களையும் தனி ஒருவனாகச் சம்பாதித்துக் காப்பாற்றாதவன் ஆணே இல்லை என்ற புதிய அளவுகோலும் வந்து சேர்ந்தது. நீங்கள் பழமை என்று நினைத்து ஏங்குகிற அந்தத் தகப்பனுக்கு, உங்கள் வட்டாரத்தின் பல வீடுகளில், சட்டப்படி வயது நூறு ஆண்டுதான். சொத்து தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும் மக்கள்வழியிலேயே எப்போதும் வாழ்ந்துவந்த சமூகங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை; என்றாலும், இரண்டு ஏற்பாடுகளும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்திருக்கின்றன என்பதே, இவற்றில் எதுவும் ஆணின் இயற்கை இல்லை என்பதற்குச் சான்று.

கொல்லங்கோடு, வாசகர்: வளைகுடாவில் எட்டு வருடம் வேலை செய்தேன். வந்தபோதெல்லாம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இப்போது கையில் ஒன்றும் இல்லை; ‘பாவம்’ என்கிறார்கள். என்னோடு இருந்த நண்பன் யாருக்கும் கொடுக்காமல் வீடு கட்டிக்கொண்டான். அவனைக் ‘கள்ளன்’ என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் எப்படித்தான் இருந்திருக்க வேண்டும்?

உங்கள் கடிதம் எனக்கு வியப்பைத் தந்தது. ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் இதே இரண்டு பட்டங்களையும் வைத்து ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. கரோலின் ஒசெல்லா, பிலிப்போ ஒசெல்லா என்ற மானிடவியல் தம்பதி கேரளக் கிராமப்புறத்தில் நெடுங்காலம் தங்கி, வளைகுடாப் பணமும் ஆண்மையும் பற்றி 2000இல் எழுதினார்கள். கைநிறையக் காசோடு வந்திறங்கும் ‘கல்ஃபன்’ இன்னும் முழு ஆணாகக் கருதப்படுவதில்லை. அவன் ஒரு நடுநிலையில் இருப்பவன், சோதிக்கப்படுபவன். அள்ளிக் கொடுத்து ஓட்டாண்டியானால் பாவம். கொடுக்காமல் தனக்கென்று சேர்த்தால் கள்ளன். வீடு, மனைவி மக்கள், தன்னை அண்டியவர்கள் என்று அளவறிந்து கொடுத்து, கேட்பவர் எல்லாருக்கும் இளகாமலும் எல்லாரையும் தள்ளாமலும் நிற்பவனே முதிர்ந்த ஆண் என்று ஊர் ஒப்புகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எவ்வளவு கொடுத்தால் அளவு என்பதை வாங்குகிறவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகளுக்குக் கேரளத்திலிருந்து பெருந்திரளாக ஆண்கள் போகத் தொடங்கிய காலம் முதல், கோயில் நன்கொடை, தங்கை கல்யாணம், நண்பர்களின் கைமாற்று என்று இந்தத் தேர்வை எழுதிவருகிறார்கள். விடைத்தாளைத் திருத்துகிறவர்கள் யாரும் பாலைவனத்து வெயிலைப் பார்த்ததில்லை. நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் இனிமேல் கடன் கேட்டு வருகிறவரிடம், உங்கள் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலில் ஊரின் சட்டம் முழுவதும் தெரிந்துவிடும்.

மூணாறு, தோட்டத் தொழிலாளி: நானும் கணவரும் ஒரே தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். நான் கொழுந்து எடுத்துவிட்டு வந்து சமைக்கிறேன். அவர் வந்ததும் சீட்டு விளையாடப் போகிறார். என் மகன் ஒருநாள் பாத்திரம் கழுவியதை லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பையன்கள் பார்த்துக் கேலி செய்தார்கள். அன்று முதல் அவன் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. என்ன செய்யலாம் அம்மா?

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு நாளில் சம்பளமில்லா வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் 26.1 சதவீதம்; பெண்கள் 81.2 சதவீதம். கை வைத்த அந்தச் சில ஆண்களும் சராசரியாக 97 நிமிடமே செலவிட்டார்கள், பெண்கள் 299 நிமிடம். ஆகவே உங்கள் வீடு நாட்டின் பெரும்பாலான வீடுகளைப் போலத்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் மகனைத் தடுத்தது வேலையின் கடினம் இல்லை என்பதை நீங்களே சரியாகக் கண்டுவிட்டீர்கள். ஆண்பிள்ளைகளை வரம்புக்குள் நிறுத்துவதில் அப்பாவின் அடியைவிடக் கூட்டாளிகளின் சிரிப்புக்கே ஆற்றல் அதிகம் என்பது இத்துறையில் பலமுறை எழுதப்பட்ட விஷயம். சிரிக்கிற பையன்களும் தங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்திருப்பார்கள், தம்பியைத் தூக்கி வைத்திருந்திருப்பார்கள். தாங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னொருவனைக் காட்டிக்கொடுக்கிறார்கள். இதில் அவனைத் தனியாக வீரம் காட்டச் சொன்னால் பிள்ளை ஒடிந்துபோவான். கணவரோ, மாமனோ, அந்தப் பையன்கள் மதிக்கிற ஒரு வாலிபால் ஆட்டக்காரரோ நாலு பேர் பார்க்கப் பாத்திரம் கழுவினால் கேலியின் பல் தானாக மழுங்கும். கணவரைச் சம்மதிக்க வைப்பது எளிதில்லை என்று தெரியும்.

உங்கள் ஊரில் இதைவிடக் கடினமான ஒன்று நடந்திருக்கிறது. தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்வையும் சங்கமும் பெரும்பாலும் ஆண்களிடம். 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, ‘பொம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்த தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களான ஆண்களை அருகே வரவிடவில்லை. போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் அவர்களுக்குக் கிடைத்தது. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கும்படி கேட்டார்கள். அடுத்த மாதம் 301 ஆயிற்று. அந்த நாட்களில் லயத்து வீடுகளில் யார் சமைத்தார்கள், குழந்தைகளை யார் பார்த்தார்கள் என்று யாராவது விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும். உங்கள் வீட்டில் அப்போது என்ன நடந்தது என்பதைக் கணவருக்கு நினைவூட்டிப் பாருங்கள், மகன் கேட்கும்படி.

வண்டித்தாவளம், சுகாதாரப் பணியாளர்: கருத்தடை என்று பேச்சு எடுத்தாலே ஆண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ‘பலம் போய்விடும்’ என்கிறார்கள். முன்பும் இப்படித்தானா?

முன்பு இப்படியே இருந்தது என்று சொல்ல முடியாது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு முகாமில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் கருத்தடை செய்துகொண்டார்கள். உலகம் முழுவதும் அது பேசப்பட்டது. ரொக்கமும் பொருள்களும் தரப்பட்டதால் ஏழைகளே அதிகம் வந்தார்கள் என்பதும் உண்மை. பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு, வட மாநிலங்களில் பல இடங்களில் வற்புறுத்தியும் மிரட்டியும், அறுவை செய்யப்பட்டது. அந்த அச்சத்துக்குப் பின் அரசே ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மணமானவர்களிடையே பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை அறுவை 0.3 சதவீதம்.

பலம் போய்விடும் என்ற பேச்சுக்கு வேறொரு பழைய வேரும் உண்டு. விந்து போனால் உயிர்ச்சத்தே போகிறது என்ற நம்பிக்கையால் சோர்ந்து, உடம்பில் நோய் இல்லாமலே மருத்துவரிடம் வரும் இளைஞர்களைப் பார்த்த மனநல மருத்துவர் என். என். விக், 1960இல் அந்த நிலைக்குத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். நம் பக்கத்துப் பேருந்து நிலையச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டும் விளம்பரங்கள் இன்றும் அந்த அச்சத்தில்தான் பிழைக்கின்றன. கத்தியில்லா ஆண் கருத்தடையில் விந்தணு செல்லும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) வழக்கம்போல் சுரக்கிறது. தாம்பத்தியத்திலோ உழைப்பிலோ குறைவு வராது. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெண்ணின் அறுவையைவிட இது எளிது. சுமார் மூன்று மாதம் கழித்துச் சோதனை செய்து உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும் என்பதை மட்டும் தவறாமல் சொல்லுங்கள். ஆண்களைக் கூட்டமாக வைத்துப் பேசாதீர்கள். பத்துப் பேர் நடுவில் எவரும் தலையாட்ட மாட்டார்கள். செய்துகொண்ட ஒருவர் கிடைத்தால் அவரை அழைத்துப் போய்த் தனித்தனியாகப் பேச வையுங்கள்.

பாறசாலை, வாசகர்: ஆண்கள் தினம் என்று ஒன்று உண்டாமே? அது தேவையா?

நவம்பர் 19. டிரினிடாட் டொபாகோவில் ஜெரோம் டீலக்சிங் என்ற வரலாற்று விரிவுரையாளர் 1999இல் தொடங்கியது. பெண்கள் தினத்துக்குப் போட்டியாக வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதற்கு என்றால் தேவையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். மொத்தத்தில் நாலில் ஒருவர் தினக்கூலி வேலை செய்பவர். கடன், வேலையின்மை, குடும்பச் சண்டை என்று காரணங்கள் பலவாக இருந்தாலும், சம்பாதிக்க முடியாத நாளில் தனக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும், அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற பழக்கமும் அவற்றுக்கு அடியில் இருக்கின்றன என்றே நான் கருதுகிறேன். அந்த நாளில் பேச ஒரு பொருள் வேண்டுமென்றால் இதைப் பேசலாம். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற அரசு உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.